முக்கூடல், எட்டு முப்பத்தாறு

வேலிக் கதவின் பூட்டைத் திறப்பதற்கு முன் பூதத்தான் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, வெளியே விடுகிறார். உள்ளே சாமி எதுவும் இல்லை. சதுரமாக ஒரு கம்பிவேலி, நடுவில் தரைக்குள் பாதி புதைந்த வெள்ளை உருளை, அதன் தலையில் ஒரு புனல், வயிற்றுக்குள் ஒரு பாட்டில். மழைமானி என்பது அவ்வளவுதான். சுற்றிலும் நெருஞ்சி படர்ந்து கிடக்கிறது. செருப்போடு போவதுதான் புத்தி உள்ளவன் செய்கிற காரியம். கேட்டால், "செருப்புச் சேறு தெறிச்சு உள்ள விழுந்துட்டுன்னா, அதுவும் மழைக் கணக்குல சேந்துரும்லா" என்பார். சேறு இருக்கட்டும், மண்ணில் ஈரப்பசையே இல்லாத பங்குனி மாதத்திலும் அவருக்கு வெறுங்கால்தான். முள் குத்தினால் அங்கேயே ஒற்றைக் காலில் நின்று பிடுங்கிப் போட்டுவிட்டு நடப்பார்.

மணி சரியாக எட்டரை ஆக வேண்டும். ஒரு நிமிடம் முந்தி வந்துவிட்டால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார். பிறகு புனலைத் தூக்கிப் பாட்டிலை எடுத்து, உள்ளே இருப்பதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, குவளையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, இடது கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்ப்பார். "தண்ணி ஓரத்துல ஏறி நிக்கும். நடுவுல லேசாப் பள்ளமா இருக்கும். வெவரம் இல்லாதவன் ஓரத்தப் பாப்பான். நாம அந்தப் பள்ளத்தத்தான் பாக்கணும்." பார்த்ததை நோட்டில் எழுதி, தண்ணீரைக் கொட்டி, எல்லாவற்றையும் பழையபடி வைத்துப் பூட்டுவார். குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு வராந்தாப் படியில் உட்கார்ந்து, ஊர்ப் பெயரையும் எண்ணையும் வாட்ஸப்பில் போடுவார். அப்போது மணி எட்டு முப்பத்தாறாக இருக்கும். இருபது வருடமாக மழை பார்க்கிறார். முதலில் தாலுகா ஆபீசுக்கு நடை, அப்புறம் போன், இப்போது ஏழு வருடமாக வாட்ஸப். எட்டு முப்பத்தாறு மட்டும் மாறவில்லை.

மழைமானி இருப்பது முக்கூடலில் ஆற்றங்கரை ஓரத்துப் பழைய பயணியர் மாளிகை வளவுக்குள். பூதத்தானின் முழு உத்தியோகம் அந்த மாளிகைக்குக் காவல். ஒரு காலத்தில் அதிகாரிகள் ஜீப்பில் வந்து தங்கி, ஆற்று மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் போனார்கள். இப்போது அவர்களுக்குத் திருநெல்வேலியில் ஏசி போட்ட லாட்ஜ்கள் இருக்கின்றன. மாளிகையில் மிச்சம் இருப்பது இரண்டு கட்டில், ஒரு கண்ணாடி வைத்த மேசை, எட்டு சன்னல். அந்த எட்டு சன்னலையும் காலையில் திறந்து மாலையில் சாத்துவதுதான் வேலை. பழக்கதோஷத்தில் இன்னும் உள்ளே வந்துபோவது காற்று ஒன்றுதான். ஆக, நாள் முழுவதிலும் அவர் செய்து, அது இன்னொரு மனிதருக்குப் போய்ச் சேரும் வேலை என்று பார்த்தால், அந்த ஆறு நிமிடம்தான்.

அந்த ஆறு நிமிடம் மனிதரை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. மணிராஜ் டீக்கடையில் கிளாசை வாங்கியதும் கண்மட்டத்துக்குத் தூக்கி, இடது கண்ணை மூடிப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். "அளவு ஒண்ணும் கொறயல, குடியும் வே" என்று மணிராஜ் ஒவ்வொரு நாளும் எரிந்து விழுவார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நேத்து அம்பது மில்லிமீட்டர், இன்னைக்கு அஞ்சு" என்று சொல்கிற ஆள். ஊரில் பேர் மழைக்காரர். கல்யாணத் தேதி குறித்தவர்கள், வத்தல் காயப்போட நினைப்பவர்கள் எல்லாம் அவரை வழியில் நிறுத்தி, மழை வருமா என்று கேட்பார்கள். "வந்தத மட்டும் தான்யா எனக்குத் தெரியும். வரப்போறது யாருக்குத் தெரியும்" என்று கையை விரிப்பார்.

மழை பெய்த மறுநாள் மட்டும் நாளிதழ் வாங்குவார். உள்பக்கத்தில் மாவட்டத்தின் மழை அளவு என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி வரும். அதில் 'முக்கூடல் 32' என்று இருப்பதை விரலால் தொட்டுப் பார்ப்பார். பெயர் போடாத அந்த எண் தன்னுடையது என்று மணிராஜிடம் காட்டவும் செய்வார். எங்குமே பெய்யாத நாளில் அந்தப் பத்தியே இருக்காது. "சைபருக்குப் பேப்பர்ல எடம் கிடையாது பாத்தீரா" என்பார். அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவந்தவர், எப்போதிலிருந்து சிரிக்காமல் சொல்ல ஆரம்பித்தார் என்பதை மணிராஜ் கவனிக்கவில்லை.

வாட்ஸப் குழுவில் மாவட்டத்தின் மழைமானிக்காரர்கள் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். எல்லாருடைய எண்ணையும் வாங்கித் தொகுக்கிறவர் இன்பமணி மேடம், தலைமை அலுவலகத்தில் எழுத்தர். அங்கே ஊர்ப்பெயர்தான் ஆள்பெயர். ஒரு பொங்கலன்று யாரோ கரும்புப் படம் போட்டு வாழ்த்து அனுப்ப, 'எண் மட்டும் போடவும்' என்று மேடம் எழுதினார். அதோடு சரி. ஆனாலும் ஏழு வருடம் எண்ணை மட்டும் பார்த்தே பூதத்தான் ஆட்களை அனுமானித்து வைத்திருந்தார். ஒரு ஊர்க்காரர் ஒன்பது மணிக்குத்தான் போடுவார், சோம்பேறி. ஒருவர் எண்ணுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைப்பார், கோபக்காரர். கடலோரத்து உவரி எட்டு முப்பத்தொன்றுக்கு, ஞாயிறு, திருநாள் என்று பாராமல், வெறும் சைபர் போதாது என்று '0.0' எனப் புள்ளி வைத்துப் போடும். உவரி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும் என்பது பூதத்தானின் முடிவு. கண்ணாடி போட்டவர், சட்டைப் பையில் இரண்டு பேனா, கறாரான மனிதர்.

பூதத்தானின் மனைவி முத்துராணி போன ஆடியில் திருப்பூருக்குப் போனாள். மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள். மருமகனும் மகளும் பனியன் கம்பெனியில் வேலை. பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். மூன்று மாதம் என்று போனவள் பங்குனி வந்து எட்டு மாதமாகியும் திரும்பவில்லை. "அடுத்த மாசம் வந்துருதேன்" என்பாள். தினமும் மாலை போன் வரும். "சாப்ட்டீங்களா?" "ஆச்சு." "என்ன வச்சீங்க?" அவர் பதில் சொல்வதற்குள் ஒரு பிள்ளை அழும், அதைக் கேட்டு இன்னொன்று அழும். "நாளைக்குப் பேசுதேன்" என்று வைத்துவிடுவாள். அவள் மேல் குற்றமே இல்லை. பேரப்பிள்ளைகள் மேல் கோபப்படுகிற மனிதரும் அல்ல அவர். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாத தனிமைதான் ஆளை அதிகம் அரித்துவிடுகிறது.

தை முடிந்ததும் வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. தினமும் சைபர். முதலில் சவரம் செய்வதை விட்டார். அப்புறம் மணிராஜ் கடைக்குப் போவதை விட்டார். காலையில் ஒரு தடவை வடிக்கிற சோற்றை இரவு வரைக்கும் வைத்துத் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டார். மாளிகையின் எட்டு சன்னலில் நான்கைத் திறந்தார், பிறகு இரண்டை, பிறகு எதையும் இல்லை. உடம்பில் நோவு இல்லை. தூக்கமும் வரும், தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரி இருக்காது. இதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது. "என்னமோ போல இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

சும்மா கிடக்கவும் இல்லை. ஒருநாள் மனதை மாற்றலாம் என்று பஸ் ஏறி திருநெல்வேலி டவுணுக்குப் போனார். தேர் நிற்கிற இடத்துப் பக்கம் கொஞ்ச நேரம் கூட்டத்தில் நடந்தார். வரிசையில் நின்று கால் கிலோ அல்வா வாங்கினார். வீட்டுக்கு வந்த பிறகுதான், அதைப் பிரித்து நீட்ட எதிரே ஆள் இல்லை என்பது உறைத்தது. அல்வா அலமாரியிலேயே இருந்து நெய் உறைந்து வெள்ளை பூத்துப் போனது. இன்னொரு நாள் மகள் அனுப்பியிருந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தார். கோட் போட்ட ஒருவர் மேடையில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டு, காலை ஐந்து மணிக்கு எழுகிறவன்தான் ஜெயிப்பான் என்று கத்தினார். காலை பத்து மணிக்குப் பாயில் படுத்தபடியே பூதத்தான் அதை முழுவதும் கேட்டார். "எந்திரிச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனை அணைத்தார்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. ஒரு காலை எட்டேகால் ஆகியும் பாயை விட்டு எழ முடியவில்லை. சன்னல் வழியே பார்த்தால் வானம் கழுவிவிட்ட தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. 'ஒரு பொட்டு மேகம் இல்ல. இதுல என்னத்தப் போயிப் பாக்க' என்று தோன்றியது. எட்டு இருபத்தொன்பதுக்குப் படுத்தபடியே 'முக்கூடல் 0' என்று தட்டி அனுப்பிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பொய் இல்லை, சைபர் நிஜமாகவே சைபர்தான். ஆனால் இருபது வருடத்தில் பார்க்காமல் எழுதிய முதல் எண் அது. வானம் இடிந்து விழவில்லை. மேடமும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. அதுதான் அவரை இன்னும் கீழே தள்ளியது. மறுநாள் அதே போல. எட்டு இருபத்தொன்பதுக்கு அலாரம் வைத்துக்கொண்டார். அடித்ததும் சைபரை அனுப்பிவிட்டுத் திரும்பவும் படுத்துவிடலாம். இப்படி நான்கு நாள்.

ஐந்தாம் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கான்கிரீட் வீடு, கதவு சன்னல் எல்லாம் சாத்தி, மேலே மின்விசிறி கரகரவென்று ஓடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள், மாடித் தொட்டி நிரம்பிக் கொட்டுகிறது என்று நினைத்தார். "கொட்டட்டும், அவன் வீட்டுக் கரண்டு" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஆற்றங்கரையில் இருபது வருடம் மழைக்குக் கணக்கெழுதிய ஆள், மழைச் சத்தத்தைத் தொட்டித் தண்ணீர் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எட்டு இருபத்தொன்பதுக்கு அலாரம் அடித்தது. 'முக்கூடல் 0' போனது.

எட்டேமுக்காலைத் தாண்டியதும் போன் அடித்தது. பெயர் இல்லாத எண்.

"முக்கூடலா?" என்றது ஒரு பெண்குரல்.

"ஆமா. நீங்க யாரு?"

"உவரி."

பூதத்தான் எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடியும் இரண்டு பேனாவுமாக ஏழு வருடம் மனதில் இருந்த கணக்கு வாத்தியார் அந்த நொடியே மறைந்தார்.

"எம்பேரு ஜெசி. இங்கன புயல் காப்பகத்துல கூட்டிப் பெருக்குத வேல. மழைமானியும் அங்கனதான் இருக்கு. அண்ணாச்சி, ஊர்ல மழையா?"

"இல்லியே. சைபர்னு போட்டிருக்கேன்லா."

"எங்க வீட்டுக்காரரு ஷிபின், லோடு ஆட்டோல மீன் ஏத்திட்டு முக்கூடல் சந்தைக்குத்தான் வந்திருக்காவ. ஊருக்குள்ள நொழையும்போதே நல்ல மழையாம். தொப்பலா நனைஞ்சிட்டேன்னு இப்பந்தான் பேசுனாவ."

அவர் சன்னல் கதவை ஒரு கையால் தள்ளித் திறந்தார். எதிர்ச் சுவரின் நிழல்பட்ட பாதி இன்னும் கறுத்து ஈரமாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தொட்டி அதன் பாட்டுக்கு இருந்தது. "பாட்டில்ல ஒண்ணும் இல்லம்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன மறுநிமிடமே அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா வருத்தப்பட மாட்டீயளே?" என்றாள் ஜெசி.

"கேளு தாயி."

"நீங்க எப்பவும் எட்டு முப்பத்தாறுக்குத்தான் போடுவீய. இந்த அஞ்சு நாளா எட்டு இருபத்தொம்பதுக்கே வருது. எட்டரை மணித் தண்ணிய எட்டரைக்கு முன்னாலயே எப்படிப் பாத்தீய?" அதில் குத்தல் இல்லை. "மேலுக்கு முடியலியோன்னு முந்தாநாளே கேக்கணும்னு இருந்தேன். தெரியாத ஆளு, எப்படிப் போயிக் கேக்கன்னு விட்டுட்டேன்."

எட்டு மாதமாகப் பூதத்தானிடம் யாரும் கேட்காத கேள்வி அது. பக்கத்தில் இருந்தவர்களின் கண்ணுக்குத் தெரியாதது, நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு ஏழு நிமிட வித்தியாசத்தில் தெரிந்திருக்கிறது.

"மேலெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி" என்றார். "எந்திரிக்கத்தான் முடியல. எதுக்கு எந்திரிக்கணும்னு தெரியல. தெனமும் சைபர். போட்டா என்ன, போடாட்டா என்ன. அத யாரு பாக்கா?"

"நான் பாக்கேன்லா" என்றாள் ஜெசி.

அவள் சொன்னது இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போது, பேட்டை தாண்டி ஒரு வளைவில், ஈர ரோட்டில் ஷிபினின் ஆட்டோ சாய்ந்துவிட்டது. காலில் கம்பி வைத்திருக்கிறது. "அதுலருந்து என்னுதப் போட்டுட்டுப் போனைக் கீழ வைக்க மாட்டேன் அண்ணாச்சி. கேட்டத் தொறந்து போட்டுட்டு அங்கனயே நிப்பேன். முக்கூடல் வந்தாத்தான் பூட்டுவேன். நீங்க சைபர்னு போட்டா ரோடு காஞ்சு கெடக்கும், நல்லபடியாத் திரும்பிருவாவன்னு ஒரு நிம்மதி. பொறவுதான் வீட்டுக்குப் போயிக் கஞ்சி குடிப்பேன்."

"இன்னைக்கு?" என்று கேட்டார் பூதத்தான். கேட்கவே பயமாக இருந்தது.

"இன்னைக்கும் சைபர்னு பாத்தேன். குடிச்சிட்டேன். கைய கழுவும்போதுதான் அவிய போன் வந்துச்சு." உடனே அவளே சமாதானமும் சொன்னாள். "ஒண்ணும் ஆகல அண்ணாச்சி. பைய வாங்கன்னு சொல்லியிருக்கேன். நீங்க போயிப் பாத்துட்டு வாங்க."

சட்டையைப் போட்டு, பித்தானைக்கூட நேராக மாட்டாமல் அவர் மாளிகைக்கு நடந்தார். வேலிக் கதவருகே பழக்கத்தில் செருப்பைக் கழற்றினார். உள்ளங்காலில் ஈர மண் ஒட்டியது. பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே கால் சொல்லிவிட்டது. குவளையில் ஊற்றி, கண்மட்டத்துக்கு உயர்த்தி, நடுப் பள்ளத்தைப் பார்த்தார். ஆறு புள்ளி நான்கு. சந்தேகம் தீர இன்னொரு தடவை பார்த்தார்.

அதோடு முடியவில்லை. நான்கு நாளாகப் பாட்டிலைத் திறக்கவே இல்லை. இந்த ஆறு புள்ளி நான்கும் இன்றைக்குப் பெய்ததுதான் என்று எப்படிச் சொல்வது? நேராக மணிராஜ் கடைக்குப் போய், "நாலு நாளா மழை ஏதும் பேஞ்சுதா வே?" என்று கேட்டார். மணிராஜ் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "நீருதான வே மழைக்காரரு. என்கிட்ட வந்து கேக்கீரு?" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பூதத்தான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் மணிராஜின் குரல் இறங்கியது. "இன்னைக்கு விடியக்காலம் மட்டுந்தான் வே பேஞ்சுது. இரியும், டீ குடிச்சிட்டுப் போவும். ஆளையே காணுமே ஒரு மாசமா." டீயை வாங்கிக் குடித்தார். அன்றைக்கு அளவு பார்க்கவில்லை.

மாளிகைப் படியில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். போன வருடம் பார்க்காமல் எண் போட்டதாகப் பிடிபட்ட ஒருவரின் மழைமானிச் சாவியை மேடம் அன்று மாலைக்குள் வாங்கிவிட்டார்; அந்த ஊர்ப்பெயருக்கு இப்போது வேறு ஆள். இந்தச் சாவியும் போய்விட்டால் காலையில் எழுவதற்கு இருக்கிற ஒரே காரணமும் போய்விடும். முதலில் 'கை தவறி 0 என்று விழுந்துவிட்டது' என்று தட்டினார். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஜெசி காட்டிக்கொடுக்கிற ஆளாகவும் தெரியவில்லை. ஆனால் நாளைக்கும் அவள் கேட்டைத் திறந்துபோட்டுக்கொண்டு நிற்பாளே. கை தவறுகிற ஆளை நம்பியா நிற்பாள்? தட்டியதை அழித்தார். புதிதாகத் தட்டினார்.

'முக்கூடல் 6.4. காலையில் 0 போட்டது பார்க்காமல் போட்டது. அதற்கு முன் நாலு நாளும் போய்ப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் மழை இல்லை என்று ஊரில் விசாரித்துக்கொண்டேன். மன்னிக்கவும். பூதத்தான்.'

அந்தக் குழுவில் ஏழு வருடத்தில் ஒரு மனிதரின் பெயர் விழுந்தது அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டு மணிக்கு இன்பமணி மேடம் கூப்பிட்டார். "ஏன் இப்படிப் பண்ணுனீங்க? இருபது வருசமா பாக்கிறவர் நீங்க."

"மனசு சரியில்ல மேடம்."

"மனசு சரியில்லன்னு ரிப்போர்ட்ல எழுத முடியாதே" என்றார் அவர். ஏதோ காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. "ஆறு புள்ளி நாலுன்னு திருத்திட்டேன். நாளையிலருந்து எண்ணோட குவளையையும் போட்டோ எடுத்துப் போடுங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

"காலிக் குவளையையுமா மேடம்?"

"காலிக் குவளையைத்தான் முக்கியமாப் போடணும்." வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினார். "சாப்பிட்டுத் தூங்குங்க. ஆஸ்பத்திரியிலயும் ஒரு தடவை காட்டுங்க, இதுக்கும் டாக்டர் இருக்காங்க. சாவியைப் பத்திரமா வச்சுக்கோங்க."

அன்று மாலை முத்துராணி போன் செய்தபோது, "ஆச்சு" என்பதற்குப் பதிலாக, "எனக்கு என்னமோ போல இருக்கு முத்து" என்றார். பிள்ளைகள் அழுதன. அவள் அவற்றை அழவிட்டுவிட்டு, "இத முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். சித்திரை பிறந்ததும் வருவதாகச் சொன்னாள். சித்திரை பிறந்து வைகாசியும் வந்துவிட்டது; மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனால் போன் மாலையில் ஒன்று, காலையில் ஒன்று என்று ஆகியிருக்கிறது. வீடு அதே வீடுதான். சோறு இன்னும் ஒரு தடவைதான் வடிக்கிறார். மேடம் சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் போய், சீட்டு எழுதி வாங்கி, மாத்திரையும் சாப்பிடுகிறார். எழ முடியாத காலைகள் இப்போதும் வருகின்றன. அப்படிப்பட்ட நாளில், "உவரி நிக்குமே" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு கையை ஊன்றி எழுகிறார்.

முதல் நாள் போட்டோ எடுத்த கதையையும் சொல்ல வேண்டும். காலிக் குவளையை ஒரு கையில் வானத்துக்கு நேரே பிடித்து, மறு கையில் போனைப் பிடித்து, நெருஞ்சி முள்ளின் மேல் நின்றுகொண்டு ஏழெட்டுத் தடவை எடுத்தார். ஒன்றில் விரல், ஒன்றில் வேலி, ஒன்றில் அவருடைய மூக்கு. கடைசியில் ஒன்று தேறி, எட்டு முப்பத்தாறுக்கு 'முக்கூடல் 0' என்று அதோடு சேர்த்து அனுப்பினார். அப்போதுதான் கவனித்தார், எட்டு முப்பத்தொன்றுக்கு வரவேண்டிய உவரி இன்னும் வரவில்லை. ஷிபினுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று தோன்றியது. போன் செய்யலாமா என்று எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போது எட்டு முப்பத்தேழுக்கு உவரி வந்தது. '0.0'. கூடவே ஒரு போட்டோ. ஒரு பெண்ணின் கை, அதில் காலிக் குவளை, பின்னால் கடல்.

யாரும் அவளிடம் கேட்கவில்லை. 'உவரி படம் அனுப்பத் தேவையில்லை' என்று இன்பமணி மேடம் எழுதினார். மறுநாளும் வந்தது. மேடம் இன்னொரு தடவை எழுதினார். அதற்கு மறுநாளும் வந்தது. பிறகு மேடம் எழுதுவதை விட்டுவிட்டார். முக்கூடலுக்குப் போதும் என்றும் இன்றுவரை அவர் சொல்லவில்லை. அந்தக் குழுவில் தினமும் காலையில் இருபத்திரண்டு எண்ணுக்கு நடுவில் இரண்டு காலிக் குவளைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஜெசியும் பூதத்தானும் அதற்கப்புறம் போனில் பேசியது இரண்டே தடவைதான், அதுவும் சில நிமிடம். நேரில் பார்த்ததே இல்லை. ஷிபின் ஒருநாள் சந்தையில் அவரைத் தேடிப்பிடித்து அரைக் கிலோ சாளை மீனைக் கையில் திணித்துவிட்டுப் போனான்.

இன்றைக்கும் எட்டரைக்கு அவர் வேலிக்குள் நின்றார். ஆற்றுப் பக்கமிருந்து காற்று இல்லை, வானத்தில் ஒன்றும் இல்லை, பாட்டிலிலும் ஒன்றும் இல்லை. குவளையை உயர்த்தி, இடது கண்ணை மூடி, இல்லாத தண்ணீரின் பள்ளத்தைப் பார்த்து நோட்டில் எழுதினார். போட்டோ எடுத்து அனுப்பினார். ஆனால் வெளியே வரவில்லை. கதவைத் திறந்தபடி விட்டு, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு நெருஞ்சிக்கு நடுவில் காத்திருந்தார். எட்டு முப்பத்தேழுக்குப் போன் மினுக்கியது. கடலுக்கு முன்னால் அந்தக் கை, அந்தக் குவளை. பூதத்தான் போனைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, இடது கண்ணை மூடிக்கொண்டு, உவரியின் குவளையை அடிக்கோடு வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். பிறகு வெளியே வந்து கதவைப் பூட்டினார்.